எந்தக் கடனட்டை? முதலில் உங்கள் சம்பளத் திகதியைச் சொல்லுங்கள்

சம்பளக் கணக்கு திறந்து நாலைந்து மாதம் ஆனதும் வங்கியிலிருந்து அழைப்பு வரும். உங்களுக்கு கார்ட் ஒன்று அப்ரூவ் ஆகியிருக்கிறது, முதல் வருடம் இலவசம், அடையாள அட்டைப் பிரதியும் சம்பளத் துண்டும் தந்தால் போதும் என்பார்கள். அதே கிழமை இன்னொரு வங்கியின் பிள்ளைகள் இரண்டு பேர் படிவக் கட்டோடு அலுவலக வரவேற்பறையில் வந்து நிற்பார்கள். கொழும்பில் வேலை செய்கிற யாருக்கும் இது புதிதில்லை. அப்புறம்தான் கேள்வி வரும்: கொமர்ஷல் வங்கியா, சம்பத்தா, ஹட்டன் நெஷனலா, இல்லை அமெரிக்கன் எக்ஸ்பிரஸா?

வங்கியின் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இன்று ஒரு வங்கி தருகிற ஒஃபரை அடுத்த மாதம் மற்றது தரும். யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டுவீர்களா, அல்லது கொஞ்சத்தைக் கட்டி மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவீர்களா? முழுவதும் கட்டுபவருக்கு வட்டி 20 ஆனாலும் 30 ஆனாலும் கவலையில்லை, அவர் கட்டுவது பூச்சியம். அவர் பார்க்கவேண்டியவை வருடக் கட்டணமும் கழிவுகளும். மிச்சம் வைப்பவருக்கோ கழிவெல்லாம் வேடிக்கை. அவருக்கு வட்டி ஒன்றே கணக்கு. இரண்டு பேருக்கும் ஒரே கார்ட் நல்ல கார்டாக இருக்க முடியாது.

முழுவதும் கட்டுபவர் பார்க்கவேண்டியது

கொழும்பில் அதிகம் விலைபோகிற ஆசை சூப்பர் மார்க்கட் கழிவுதான். கீல்ஸ், கார்கில்ஸ், ஆர்பிகோ, குளோமார்க் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு வங்கியின் பதாகை தொங்கும். மரக்கறி, பழம், மீனுக்கு 25 வீதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கீழே இருக்கும் சின்ன எழுத்தை வாசித்தால் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும், இத்தனை ரூபாய்க்கு மேற்பட்ட பில்லுக்கு மட்டும், ஆகக்கூடிய கழிவு இவ்வளவு என்று ஒவ்வொரு வேலியாக வரும்.

இந்தக் கழிவு உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வீட்டுச் சாமான் எங்கேயிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் சொல்லலாம். வெள்ளவத்தையில் பல வீடுகளில் மரக்கறியும் மீனும் சந்தையில்தான். மிளகாய்த்தூளும் பருப்பும் காலி வீதியில் பழகிய கடையில், தோசை மா பக்கத்து ஒழுங்கையில் அரைத்துத் தருகிற அக்காவிடம். எல்லாம் கைக்காசு. இப்படி வாங்குகிற வீட்டுக்கு சூப்பர் மார்க்கட் கார்ட் எதற்கு? கார்ட் இருக்கிறதே என்று சனிக்கிழமை சூப்பர் மார்க்கட்டுக்குப் போய், 25 வீதக் கழிவில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, கூடவே ஐஸ்கிரீமும் இறக்குமதி பிஸ்கட்டும் தூக்கிவருவதுதான் நடக்கும். மாறாக, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, வார இறுதியில் ஒரேயடியாக சூப்பர் மார்க்கட்டில் வாங்கிவைக்கிற வீட்டுக்கு அதே கார்ட் மாதம் சில ஆயிரங்களை உண்மையாகவே மிச்சம்பிடித்துத் தரும்.

ஹோட்டல் கழிவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஏளனம் உண்டு, மறைக்கவில்லை. காலி முகத்திடல் பக்கத்து ஐந்து நட்சத்திர ஹோட்டலில் பாதி விலைக்கு பஃபே சாப்பிட்டோம் என்பார்கள். கழிவு இல்லாவிட்டால் அங்கே போயிருப்பார்களா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். பாதி விலை மிச்சமாகவில்லை, மற்றப் பாதி செலவாகியிருக்கிறது.

காஷ்பேக், புள்ளிகள் பக்கம் வந்தால் ஒரு பெருக்கல் போதும். வருடக் கட்டணம் 5,000 ரூபாய், திரும்பி வருவது 1 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை ஈடுசெய்யவே வருடத்தில் ஐந்து லட்சம் ரூபாய் கார்டில் போகவேண்டும். அதற்குமேல் போவதுதான் லாபம். ஆகவே குறைந்த கட்டணமுள்ள சாதாரண கார்ட் பலருக்கு கோல்ட், பிளாட்டினத்தைவிட மேல். கட்டுநாயக்க விமான நிலையத்தில் லவுஞ்ச் இலவசம் என்று பிளாட்டினம் எடுத்தவர் வருடத்தில் ஒருதடவை சென்னைக்குப் போய்வந்தால், அந்த ஒரு சோற்றுக்கும் கோப்பிக்கும் என்ன விலை கொடுத்தார் என்று கணக்குப் பார்க்கட்டும். புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி எத்தனை ரூபாய், எப்போது காலாவதியாகும் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். வருடக் கட்டணத்தைத் தள்ளிவிடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. ஒழுங்காகப் பாவித்து ஒழுங்காகக் கட்டுபவர் தொலைபேசியில் கேட்டால் பல வங்கிகள் விட்டுக்கொடுக்கும்.

நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கி இங்கே வெளியிடுகிற அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைக்கு ஒஃபர்கள் நிறைய. பெரிய கடைகளில் பிரச்சினையில்லை. சின்னக் கடைகளில் விசா, மாஸ்டர்கார்ட் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அதனால் அதையே ஒரே கார்டாக வைத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

திகதி

எந்த ஒஃபரையும்விட இது முக்கியம், ஆனால் விற்கவருகிறவர் ஒருபோதும் சொல்லமாட்டார். ஒவ்வொரு கார்டுக்கும் மாதக்கூற்று, அதாவது அந்த மாதச் செலவுக் கணக்கு, போடுகிற திகதி ஒன்று, கட்டவேண்டிய கடைசித் திகதி ஒன்று. கூற்று ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி, கட்டவேண்டியது 28ஆம் திகதி என்று எடுத்துக்கொள்வோம். மே 6ஆம் திகதி வாங்கிய சாமான் ஜூன் 5 கூற்றில்தான் வரும், ஜூன் 28இல் கட்டினால் போதும். ஐம்பது நாளுக்கு மேல் வட்டியில்லாத கடன். அதையே மே 4ஆம் திகதி வாங்கியிருந்தால் மே 28இல் கட்டவேண்டும், 24 நாள்தான். பெரிய சாமான் வாங்கும்போது இரண்டு நாள் பொறுத்தால் ஒரு மாத அவகாசம் கிடைக்கிறது.

இனி சம்பளத்தைப் பொருத்திப் பாருங்கள். சம்பளம் 25ஆம் திகதி விழுகிறவருக்கு 28ஆம் திகதி கெடு வசதி, கையில் காசு இருக்கும்போதே கட்டிவிடுவார். அவருக்கே கெடு 20ஆம் திகதி என்றால்? வீட்டு வாடகை முதல் கிழமையில் போயிருக்கும், பிள்ளையின் டியூஷன் காசு, வான் காசு எல்லாம் போயிருக்கும். 20ஆம் திகதி கணக்கில் பஸ் காசுதான் இருக்கும். அப்போது ஆகக்குறைந்த கொடுப்பனவை மட்டும் கட்டிவிட்டு "மிச்சத்தைச் சம்பளம் வந்ததும் பார்ப்போம்" என்பார். கடன் ஆரம்பிப்பது அங்கேதான். வருமானம் குறைவு என்பதால் அல்ல, திகதி பிசகியதால். பல வங்கிகளில் கேட்டால் கூற்றுத் திகதியை மாற்றித் தருவார்கள். கார்ட் எடுக்கும்போதே கேட்பது சுலபம்.

கூடவே சேமிப்புக் கணக்கிலிருந்து தானாக அறவிட ஒரு நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். படிவத்தில் இரண்டு தெரிவு இருக்கும்: முழுத்தொகை, ஆகக்குறைந்த தொகை. அவசரத்தில் இரண்டாவதில் சரி போட்டுவிட்டு, எல்லாம் தானாகக் கட்டுப்படுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். முழுத்தொகையில் போடுங்கள்.

0 வீதத் தவணை

கொழும்பில் கார்ட் எடுப்பவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரிட்ஜ், வொஷிங் மெஷின், ஃபோன், பிள்ளைக்கு லெப்டொப். 12 மாதம், வட்டியில்லை. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்குப் போனால் முதலில் "முழுக்காசாகத் தந்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். அப்புறம் கார்டை எடுங்கள்.

தவணைக்கு 2,40,000 ரூபாய் என்று போட்டிருக்கிற பிரிட்ஜை, கைக்காசுக்கு 2,25,000க்குத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் விஷயம் வெளிச்சமாகிறது. நீங்கள் மாதம் 20,000 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள். உண்மையில் கடனாக எடுத்தது 2,25,000தான். கணக்குப் போட்டால் மாதம் கிட்டத்தட்ட 1 வீதம், வருடத்துக்கு 12 வீத வட்டி அதற்குள் ஒளிந்திருக்கிறது. 12 வீதம் அநியாய வட்டியென்று சொல்லமாட்டேன், கார்டின் வழமையான வட்டியோடு பார்த்தால் மலிவு. ஆனால் பூச்சியம் இல்லை. கையில் காசு இருப்பவர் காசாகக் கொடுத்துவிடலாம். இரண்டு விலையும் ஒன்றென்றால், கையாளுகைக் கட்டணமும் இல்லையென்றால், யோசிக்காமல் தவணையை எடுங்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2,40,000 ரூபாயும் உங்கள் லிமிட்டிலிருந்து முதல் நாளே பிடிபடும், கட்டக் கட்டத்தான் விடுபடும். லிமிட் மூன்று லட்சம் என்றால் ஆஸ்பத்திரியில் முற்பணம் கேட்கிற நேரத்தில் கார்டில் மிஞ்சியிருப்பது அறுபதாயிரம். அடுத்தது, மாதத் தவணை 20,000 அந்த மாதக் கூற்றில் சாதாரண செலவுபோல வந்து உட்காரும். அதை முழுதாகக் கட்டாமல் ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால், 0 வீதம் என்று வாங்கிய தவணைக்கும் வழமையான வட்டி ஏறும்.

மிச்சம் வைப்பவருக்கு

வட்டி வீதத்தின் அண்மைக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 2022 நெருக்கடியில் அந்த வரம்பு போய், வட்டி 30ஐத் தாண்டி 36 வரை ஏறியது. 2023 ஓகஸ்டில் மீண்டும் ஒரு கட்டளை வந்தது: கடனட்டைக்கு 28, நகை அடகுக்கு 18 உச்சம். அதன்பிறகு சந்தை வட்டிகள் இறங்கியிருக்கின்றன. இதில் பாடமாக எடுக்கவேண்டியது, 18 வீதத்தில் சேர்த்த கடனை 36 வீதத்தில் கட்டவேண்டி வந்தது என்பதைத்தான். கார்ட் வட்டி நிலையான வட்டியல்ல, கடன் எடுத்த நாளின் வீதம் கட்டி முடிக்கிற நாளில் இருக்காது.

28 வீதம் என்றே எடுத்து ஒரு லட்சம் ரூபாய் நிலுவையைப் பார்ப்போம். மாத வட்டி 2,333 ரூபாய். ஆகக்குறைந்த கொடுப்பனவு 5 வீதம் என்றால் முதல் மாதம் சுமார் 5,100 கட்டுவீர்கள், அதில் கடன் குறைவது 2,800 அளவுதான். கார்டை இழுப்பறையில் பூட்டிவைத்துவிட்டு, புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமல், இரண்டு வருடம் இப்படியே ஆகக்குறைந்ததைக் கட்டிவந்தால் மொத்தம் 90,000 ரூபாய் அளவு கட்டி முடித்திருப்பீர்கள். அப்போதும் கூற்றில் நிலுவை கிட்டத்தட்ட 51,000 இருக்கும்.

பாவித்துக்கொண்டே கட்டினால் இன்னும் மோசம். ஒரு மாதம் முழுதாகக் கட்டாமல் விட்டால், பொதுவாகப் புதிய செலவுகளுக்கும் அந்த ஐம்பது நாள் சலுகை கிடைக்காது. இன்று வாங்குகிற பாணுக்கும் இன்றிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் கடனட்டையைப் போட்டுக் காசு எடுப்பது எல்லாவற்றிலும் மோசம்: எடுக்கும்போதே ஒரு கட்டணம், அன்றைக்கே வட்டி ஆரம்பம்.

அப்படியென்றால் அவசரத்துக்கு ஒரு லட்சம் வேண்டும், மூன்று நாலு மாதத்தில்தான் திருப்பமுடியும் என்பவர் என்ன செய்வது? நம் வீடுகளில் பழைய வழி ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சம். அலுமாரியில் இருக்கிற சங்கிலியை வங்கியில் அடகு வைப்பது. கார்டின் 28க்கும் அடகின் 18க்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய், நாலு மாதத்துக்கு 3,300க்கு மேல். அடகில் கெடு தெரியும், தொகை தெரியும், நகையைப் பார்க்கிறபோதெல்லாம் மீட்கவேண்டும் என்ற எண்ணமும் வரும். கார்டில் அந்த உறுத்தல் வராது. ஆனால் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அம்மாவின் தாலிக்கொடி போனால் வட்டிக்கணக்கு ஒன்றும் ஆறுதல் தராது. அடகை வங்கியில் வையுங்கள். தெருமுனை அடகுக்கடையின் வட்டி வேறு கதை.

சீட்டு பிடிப்பவர்களுக்கு அதுவும் ஒரு வழி, ஆட்கள் நம்பிக்கையானவர்களாக இருந்தால். கோகோ, மின்ட்பே போன்ற மூன்று தவணைச் செயலிகள் துணிமணி, செருப்பு அளவுக்கு நல்லவை, நேரத்துக்குக் கட்டினால் வட்டியில்லை. ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத் தெரிவதால் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்துவிடுவதுதான் அவற்றின் வில்லங்கம். தீபாவளிச் சேலையின் மூன்றாவது தவணையும் நத்தார் சட்டையின் முதல் தவணையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்.

ஏற்கனவே கார்டில் நிலுவை சேர்ந்துவிட்டதென்றால், நிலுவை மாற்றம் பற்றி வேறு வங்கியில் கேட்டுப் பாருங்கள். குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தருவார்கள். பழைய கார்டை மூடாமல் அதைச் செய்தால் ஒரு வருடத்தில் இரண்டு கார்டிலும் கடன் இருக்கும்.

சம்பளத் துண்டு இல்லாதவர்கள்

கொழும்புத் தமிழ் வீடுகளில் இது பெரிய கூட்டம். பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும், அம்மா அப்பா வெள்ளவத்தை மாடிவீட்டில். காசு வருகிறது, சம்பளத் துண்டு இல்லை. சொந்தமாகக் கடை நடத்துபவர்களுக்கும் இதே தலையிடி. இவர்களுக்கு நிலையான வைப்பை ஈடாக வைத்து வங்கிகள் கார்ட் தரும். வைப்புக்கு வட்டி வழமைபோல வந்துகொண்டிருக்கும், அதில் கைவைக்க மட்டும் முடியாது. மகனின் கார்டில் ஒரு துணை அட்டை எடுத்துத் தருவது மற்ற வழி. துணை அட்டையில் யார் செலவழித்தாலும் கட்டவேண்டியவர் மூல அட்டைக்காரர்தான், பிந்தினால் கிரிப் என்கிற கடன் வரலாற்று அறிக்கையில் கெடுவதும் அவர் பெயர்தான்.

கிரிப் என்று எல்லோரும் சொல்வது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகம். அங்கே உங்கள் பெயர் கெட்டால் இன்னொரு கார்ட் கிடைக்காது என்பது சின்ன விஷயம். வீட்டுக்கடனும் வாகன லீசிங்கும் தடைப்படும் என்பதுதான் பெரிய விஷயம். உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம்.

எங்கே கார்டை நீட்டக்கூடாது

செட்டியார் தெருவில் நகை வாங்கும்போது, புறக்கோட்டையில் மொத்தக் கடையில், "கார்டென்றால் இரண்டரை, மூன்று வீதம் கூட வரும்" என்பார்கள். அந்த மேலதிகக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது, கார்ட் தந்த வங்கியிடம் முறையிடலாம். ஆனால் நடைமுறையில் கடைக்காரர் "அப்ப இந்த விலை இல்லை" என்று முடித்துவிடுவார். மூன்று வீதத்தைக் கொடுத்து ஒரு வீதம் காஷ்பேக் வாங்குவதில் என்ன இருக்கிறது? இப்படியான இடத்தில் கைக்காசோ வங்கி மாற்றலோதான் சரி, ஃபோனால் ஸ்கேன் செய்து கணக்கிலிருந்தே கட்டுகிற லங்காகியூஆர் ஒட்டியிருந்தால் அதுவும் நல்லது.

கலியாணச் சேலை எடுக்க சென்னை தி.நகருக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டில் தேய்த்தால் வங்கியின் நாணயமாற்றுக் கட்டணம், முத்திரைத் தீர்வை என்று விலைக்கு மேல் ஏறும். புறப்படுமுன் வங்கியில் மொத்தம் எத்தனை வீதம் என்று கேளுங்கள். கடை மெஷின் இலங்கை ரூபாயிலா இந்திய ரூபாயிலா என்று கேட்டால் இந்திய ரூபாயையே தெரிவுசெய்யுங்கள். இலங்கை ரூபாயைத் தெரிவுசெய்தால் மாற்றுவீதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கியல்ல, அந்தப் பக்கத்துக்காரர். பெரும்பாலும் அது மோசமான வீதம்.

பாதுகாப்பு பற்றி நீட்டப்போவதில்லை. தபால் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். ஓடிபியை வங்கிக்காரரே கேட்டாலும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வருகிறமாதிரி வைத்திருங்கள்.

சரி, என் தெரிவு

முதல் வேலைக்காரர், செலவு இன்னும் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை: சம்பளம் விழுகிற வங்கியின் ஆகச் சாதாரண கார்ட், சம்பளத்துக்கு மேற்படாத லிமிட். வங்கி தானாகவே கூட்டித் தருகிறேன் என்று அழைத்தால் வேண்டாம் என்று சொல்லலாம். சூப்பர் மார்க்கட்டில் வாங்குகிற, மாதாமாதம் முழுதாகக் கட்டுகிற குடும்பம்: தாங்கள் போகிற கடையோடு நிலையாக ஒஃபர் நடத்துகிற வங்கியின் கார்ட் ஒன்று. அதோடு நிறுத்திக்கொள்ளலாம், மூன்று கார்டும் மூன்று கெடுவும் வைத்திருந்தால் ஒன்றை மறக்காமல் இருக்க முடியாது. பெரிய சாமான் வாங்கும் யோசனையில் இருப்பவர்: எந்தக் கடையில் வாங்கப்போகிறார் என்று முடிவெடுத்துவிட்டு, அங்கே தவணை தருகிற கார்டை எடுக்கட்டும். மாதக் கடைசியில் கை இறுகுகிறவர்: டெபிட் கார்டே போதும். கடனட்டையை ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்க முடியும் என்றால் எடுக்கலாம், முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால் அதை ஒத்துக்கொள்வதில் குறைச்சலில்லை.

கையெழுத்துப் போடும் முன் கட்டணப் பட்டியலைத் தமிழில் கேளுங்கள். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் மொழித் தெரிவும் அடங்கும். பிந்திய கட்டணம், லிமிட் தாண்டிய கட்டணம், காசு எடுக்கும் கட்டணம் மூன்றையும் அதில் பாருங்கள். வங்கியோடு பேசித் தீராத முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

பழைய கார்ட் ஒன்றை விட்டுவிட நினைத்தால், கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போடுவது மூடுவதாகாது. வருடக் கட்டணம் பாட்டுக்கு விழுந்து, அதற்குப் பிந்திய கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். நிலுவையைச் சதக்கணக்கோடு கட்டி, அதில் தானாகக் கட்டுப்படுகிற டயலொக் பில், காப்புறுதி எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றி, கணக்கு மூடப்பட்டதென்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து கிரிப் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடியதாகக் காட்டுகிறதா என்றும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.